சீட்டு யாரைப் பார்க்க வேண்டும்?

என் கணவருக்கு வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். அந்த வாரமே அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வருஷக்கணக்காகக் கிரீஸ் கையோடு திரிந்த மனிதர். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்கியிருந்த டாரட் சீட்டுக்கட்டைக் கலைத்து, அவரை மூன்று சீட்டு உருவச் சொல்லி வரிசையாக வைத்தேன். டாரட்டில் படம் நேராக விழுந்தால் ஒரு பலன், தலைகீழாக விழுந்தால் பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பலன். எனக்கு மூன்றுமே தலைகீழ். தேரோட்டும் வீரன் தலைகீழ், சூரியன் தலைகீழ், மூன்றாவதாக வந்த ராஜாவும் சிம்மாசனத்தோடு தலைகீழ். ஒரு மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வர வேண்டும்? "வேலையே போயிடும் போலிருக்கு. எதுக்கும் ஆபீஸ்ல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க" என்றேன். பதவி உயர்வோடு வீட்டுக்கு வந்த அன்று அவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"நான் சொல்றதுக்கு நேர் எதிரா நடக்கும்னு ஒரு போர்டு மாட்டிடு. கூட்டம் அள்ளும்."

தவறு எங்கே என்று செல்போனில் டாரட் பாடம் எடுக்கும் டீச்சர்தான் கண்டுபிடித்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், ஆனால் அதட்டலில் குறைச்சல் இல்லை. கேமராவை மேஜைப் பக்கம் திருப்பச் சொல்லி, நான் சீட்டு வைப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, சீட்டை எதிர்ல இருக்கிறவங்க பக்கம் திருப்பி வெச்சிட்டு, உங்களுக்குத் தலைகீழா தெரியுதுன்னா என்னங்க பண்றது? சீட்டு உங்களைப் பார்க்கணும். வர்றவங்களை இல்ல."

என்ன செய்வது, கை அப்படிப் பழகியிருக்கிறது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கண்ணாடி ஃப்ரேம் இருக்கும் தட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, விலை அட்டை என்று எதை எடுத்தாலும் வந்தவர் பக்கம் திருப்பி வைத்தால்தான் அது மேஜையில் உட்கார்ந்ததாகவே எனக்குப் படும். எழுத்துக்களைத் தலைகீழாகப் படிப்பதெல்லாம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு முறையும் சீட்டைத் திருப்பிய பிறகுதான் ஐயோ என்று நினைவு வரும். டீச்சர் வகுப்புக்கு வகுப்பு திட்டினார். கை கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு, பலன்களை மனப்பாடம் செய்ய வேறு சொன்னார். ஒவ்வொரு சீட்டுக்கும் நேர் ஒன்று, தலைகீழ் ஒன்று. இரவு மனப்பாடம் செய்தது காலையில் பல் தேய்க்கும்போதே வாய் கொப்பளித்த தண்ணீரோடு போய்விடும்.

இதையும் பாதியில் விட்டுவிடுவேன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தையல் மெஷின் ஒரு மூலையில் உறை மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் இருக்கிறது. கம்பி அறுந்த கிடார் இருக்கிறது. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எனக்கு வைத்த பெயரே 'பாதி'தான். பேச்சு வாக்கில் வைத்த கேலிப்பெயர் இல்லை. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றை ஆட்டிப்படைத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, நன்றாக யோசித்து வைத்த பெயர். "பாதி இருக்காளா?" என்றுதான் போன் வரும். என்னை அழ வைக்க வேண்டும் என்று அண்ணி நினைத்ததில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். ஒரே ஒரு ஆளுக்காவது சீட்டு பார்த்து, தொடங்கியதை ஒழுங்காக முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

அண்ணி எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளித் தனியாக இருந்தார். அவர் கணவர் இறந்த பிறகும் அந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியில் தங்கியதில்லை. போன மழைக்காலத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. அதோடு, வெளிநாட்டில் இருக்கும் மகன் முடிவெடுத்துவிட்டான்: அம்மா இனி தன்னோடு வந்துவிட வேண்டியது, வீட்டை விற்றுவிட வேண்டியது. என் கணவர் வீட்டை வாங்க ஆள் பிடித்தார். திங்கட்கிழமை அவர்கள் வீட்டைப் பார்க்க வருவதாகப் பேச்சு. அண்ணி எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். நான் உலை வைத்தாலும் குறை, வைக்காவிட்டாலும் குறை என்று சொல்லக்கூடிய ஆள், சொந்த வீட்டை விற்பதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அக்கா பக்குவப்பட்டுவிட்டார் என்றார் என் கணவர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பாதி சொல்லி யார் கேட்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பகுதி நூலகத்துக்குப் புதுக் கூரை போடப் பணம் சேர்க்க ஞாயிற்றுக்கிழமை உள்ளேயே ஒரு சந்தை வைத்தார்கள். மேஜிக் காட்டுகிறவர் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிட, நூலகர் அம்மா அந்த மேஜையை எனக்குத் தந்தார். ஒரு பக்கம் கேக், இன்னொரு பக்கம் பழைய புத்தகம், நடுவில் நான். முதலில் வந்தவர் பழைய பைக்கை விற்கலாமா என்று கேட்டார். எனக்கு ஒரு பலனும் நினைவில்லை. மேஜைக்கு அடியில் கையேட்டைப் புரட்டுவதை அவர் பார்த்துவிட்டார். "பரவால்லம்மா, மெதுவாப் பாருங்க" என்று அவர் ஆறுதல் சொன்னது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் எழுந்து கேக் பக்கம் போனதும் சீட்டுக்களை அள்ளிப் பெட்டிக்குள் போடத் தொடங்கினேன். மூடியை மூடுகிற நேரத்தில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணி வருவது தெரிந்தது. பின்னாலேயே என் கணவர்.

அண்ணி புத்தகங்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் காதருகில் குனிந்தார். "பயணம்னு ஏதாவது வந்தா ரொம்ப நல்லதுன்னு சொல்லிடு. வரலைன்னாலும் அப்படியே சொல்லு. அக்காவைக் கொஞ்சம் சந்தோஷமா அனுப்பி வைக்கணும், என்ன?" இத்தனை நாளும் என் சீட்டைப் பார்த்துச் சிரித்தவர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. அக்கா மேல் உயிர். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏ பாதி, கடையைக் கட்டிட்டியா அதுக்குள்ள?" என்றபடி அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முழங்காலை நீட்டிக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு போடு. போறதுக்கு முன்னாடி உன் கூத்தையும் பார்த்துட்டுப் போறேன்."

பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்தேன். கலைத்து நீட்டினேன். அண்ணி விடைத்தாள் கட்டில் ஒன்றை உருவுவது போல வெடுக்கென்று ஒரு சீட்டை உருவிக் கொடுத்தார். புரட்டி வைத்தேன். என் பாழாய்ப்போன கை அதை அவர் பக்கம் திருப்பித்தான் வைத்தது.

எட்டுக் கிண்ணம். அந்தச் சீட்டு எனக்கு நன்றாக நினைவிருந்தது, அதுதான் கஷ்டமே. நிலா வெளிச்சத்தில் ஒருவன் தடி ஊன்றி மலைப் பக்கம் நடந்து போகிறான். பின்னால் எட்டுக் கிண்ணங்கள். நேராக வந்தால் இருப்பதை விட்டுவிட்டுப் புறப்படுவது. தலைகீழாக வந்தால் போகாமல் தங்கிவிடுவது. அண்ணி பக்கமிருந்து பார்த்தால் நேர். என் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ். என் கணவர் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்குக் கண்ணைக் காட்டினார். போ என்றும் சொல்லலாம், இரு என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் சீட்டிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டும் நாக்கு நுனியில் நிற்கின்றன. இவருடைய வீட்டைப் பற்றி எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள், இனி நானும் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது.

"உங்களுக்கு என்ன தெரியுது அண்ணி?"

"அதைச் சொல்லத்தானே நீ உட்கார்ந்திருக்கே?"

"பரீட்சை இல்ல அண்ணி. தப்பான பதிலே இதுல கிடையாது. கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்லுங்க." கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் நான் சொல்வது இதைத்தான். லென்ஸை மாற்றி மாற்றிப் போடும்போது, பதில் தவறாகிவிடுமோ என்று பயந்து வியர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள்கூட.

அண்ணி மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். "ஒருத்தன் போறான். மூஞ்சியக் காட்டாம போறான்." அப்புறம் சீட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இதெல்லாம் கிண்ணம். அடுக்கி வெச்சிட்டுப் போறான் பாரு, ஒழுங்கா."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "பயணம்தான்க்கா அது. நல்ல சீட்டு."

நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ. "அண்ணி, அவன் போறது தெளிவாத் தெரியுதா, கிண்ணம் தெளிவாத் தெரியுதா?"

"கிண்ணம்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சரியான லென்ஸ் விழும்போது சிலர் இப்படித்தான் பட்டென்று சொல்வார்கள். சொன்ன பிறகு அண்ணியே திடுக்கிட்டுப் போனார். விரலை வைத்து ஒவ்வொரு கிண்ணமாகத் தொட்டார். "ஒண்ணுகூட உடையல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நானும்தான் ஒரு வாரமா பேப்பர் சுத்திச் சுத்திப் பெட்டியில போட்டுட்டு இருக்கேன், ஒரு கப்பு கீறல் விழல. நல்லா இருக்கிறதை விட்டுட்டு இவன் எங்க போறான்? இவனை யாராச்சும் கேட்டாங்களா, உனக்குப் போகணுமான்னு?"

"உங்களை யாரும் கேட்கலையா அண்ணி?"

"கேட்கல." அண்ணியின் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "நீ கேட்கிற வரைக்கும் யாரும் கேட்கல."

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை. "அப்ப நான் கேட்கிறேன். போகணுமா?"

"போகல." மேஜையில் ஒரு தட்டு தட்டினார், கேக் மேஜை திரும்பிப் பார்த்தது. "நான் எங்கயும் போகல!"

அடுத்த நிமிஷம் போன் கையில் இருந்தது. அங்கே மகனுக்கு என்ன நேரமோ, அண்ணி அதையெல்லாம் பார்க்கவில்லை. "டேய், நான் வரல. வீட்டை விக்கல. வாசப்படிக்கு ஒரு கைப்பிடி போடச் சொல்றேன், அது போதும் எனக்கு. லீவுக்கு வரேன், நல்லா சமைச்சுப் போடு." மறுமுனையில் ஏதோ கேட்டான். "யாரும் சொல்லித் தரல. நானே பார்த்துச் சொன்னேன். பாதி சீட்டு போட்டா, நான் பார்த்தேன்."

என் கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, திங்கக்கிழமை அவங்க வருவாங்களே. நான் வார்த்தை கொடுத்திருக்கேன்."

"வரட்டும். டீ போட்டுத் தரேன். நல்ல கப்புலயே தரேன். குடிச்சிட்டுப் போகட்டும்." அண்ணி எழுந்துவிட்டார். சீட்டு அவர் கையிலேயே இருந்தது. கேட்க வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "இது என்கிட்ட இருக்கட்டும். நீ வேற வாங்கிக்க. பெட்டியெல்லாம் பிரிக்கணும், நான் வரேன்."

"என்னடி சொன்னே அக்காகிட்ட?" என்றார் என் கணவர், அக்கா காதில் விழாதபடி.

"நான் எங்க சொன்னேன்? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க!" என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முடித்துவிட்டேன். தொடங்கியதை, கடைசி வரைக்கும், ஒரு பிசிறு இல்லாமல். எழுந்து ஆடலாம் போலிருந்தது. மேஜைக்கு முன்னால் பைக்கை விற்கலாமா என்று கேட்டவர் மறுபடியும் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கேக் விற்கிற அம்மா, அவருக்குப் பின்னால் யார் யாரோ. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேனே தவிர, என் பார்வை ஜன்னலில் இருந்தது.

அண்ணி நூலகப் படியிறங்கி விட்டிருந்தார். என் கணவர் பின்னால் ஓடிப் பிடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. பிசகிய காலைச் சற்றே சாய்த்துச் சாய்த்து, நல்ல வேகத்தில் நடந்தார் அண்ணி. சிக்னலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே சாலையில் இறங்கி, பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளை நிறுத்துவது போல, சீட்டுப் பிடித்த கையை உயரத் தூக்கினார். பஸ் நின்றது. அதன் பின்னால் ஒரு லாரியும் நின்றது.