புகையாத கரி

இடுப்பு விட்டுப்போயிருந்தது. சனிக்கிழமை ஒரே நாளில் நாற்பத்திரண்டு மூட்டை இறக்கியிருந்தேன். கம்பத்தில் ஒரு கரிக்கடையில் சுமை தூக்குகிறேன். அதற்கு முன்னால், பன்னிரண்டு வயதிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கம் பொட்டல்காட்டில் விறகை மண் மூடி எரித்துக் கரிமூட்டம் போட்டவன். ஞாயிறு காலை பாயிலிருந்து எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை விஜயபாண்டி பழனிசெட்டிபட்டியிலிருந்து வந்து இறங்கினார். பைக்கின் பின்னால் ஒரு இரும்பு அடுப்பு கட்டியிருந்தது. பாதி டிரம் மாதிரி, கம்பி வலை, இரண்டு பக்கமும் பிடி. கூட வேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கியதாம்.

"இன்னிக்கு இதுல சுட்டுப் பாப்போம் மாமா. வீட்டுக்கு வாங்குறதா இருந்தா கேஸ் அடுப்புத்தான் வாங்கணும்னு இருக்கேன்" என்று கைப்பேசியில் படம் காட்டினார்.

"கேஸா? அதுல வெந்தா கோழி ஆஸ்பத்திரி பத்தியம் மாதிரில்ல இருக்கும்?"

"திருகுனா எரியுது, திருகுனா அணையுது. கயலும் பிள்ளையும் வந்தப்புறம் வீட்ல தீயக் காவல் காத்துக்கிட்டு உக்கார முடியுமா?"

"சிலிண்டரு வெடிச்சா ஊரே எந்திரிக்கும் மாப்ள. கரி என்னைக்காச்சும் வெடிச்சு கேட்டிருக்கீகளா? நாப்பது வருசம் கரிக்குள்ள கெடந்தவன் சொல்றேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி பூமாரி, "நாப்பது வருசம் கரிக்குள்ள கெடந்து வெளுத்தா வந்துருக்காக?" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் கயலுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனி மாதக் காற்று சுருளி மலையிலிருந்து இறங்கி ஓட்டைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. பிள்ளை படுக்கிற அறையின் சன்னலை நான்தான் சாக்கு வைத்து அடைத்திருந்தேன்.

பின்வாசலில் கரியைப் பற்றவைத்தேன். விசிறியதும் சடசடவென்று பொரிந்து, பிறகு அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தது. "இப்பத்தான் பழுத்திருக்கு. இதுக்கு முந்தி கறிய வச்சாப் புகை நாத்தம் அடிக்கும்" என்றேன். இரண்டு கோழியும் அருமையாக வெந்தன. மாப்பிள்ளை எலும்பைக் கடித்துக்கொண்டே, "கேஸ் தோத்துப்போச்சு மாமா" என்றார். எனக்கு இடுப்பு வலி மறந்துபோனது.

மூன்று மணிக்குச் சாரல் பிடித்தது. மாப்பிள்ளை பிள்ளைக்குச் சாமான் வாங்கக் கம்பம் போனார். பூமாரி அதற்கு முன்னாலேயே இரண்டு துண்டு கறியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்பில் பாதிக்கு மேல் கங்கு கிடந்தது. தண்ணீர் ஊற்றி அணைக்க மனம் வரவில்லை. கங்கை வீணாக்கினால் மூட்டத்து மேஸ்திரி செவிட்டில் அறைவான்.

கயல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில். அறை சில்லிட்டிருந்தது. பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது. புகைகிற கரியைத்தான் உள்ளே வைக்கக்கூடாது, பழுத்த கங்கு ஒன்றும் செய்யாது. மூட்டத்தில் எல்லாரும் சொன்னது அதுதான். அங்கே தலைக்கு மேல் வானம் இருந்ததை நான் நினைக்கவில்லை. துணியால் பிடித்து அடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்கு எட்டி ஒரு மூலையில் வைத்தேன். கதவை இறுகச் சாத்தினேன். முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பூமாரியின் அலறல்தான் எழுப்பியது.

கயலின் வாயோரம் வாந்தி. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் இருந்தது. பூமாரி பிள்ளையைத் தூக்கினாள். கை, கால், தலை எல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கின. அறையில் புகை இல்லை. ஒரு வாடையும் இல்லை. மூலையில் கங்கு சிவப்பாக, அமைதியாக இருந்தது. நான் நின்றேன். என் வாயிலிருந்து, "தூங்குறாக" என்று வந்தது.

அந்த நேரம் மாப்பிள்ளை பைக்கை நிறுத்தினார். அடுப்பை ஒரு பார்வை பார்த்தார். சாக்கைப் பிடுங்கி எறிந்தார், கயலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் திராட்சை ஏற்றுகிற குட்டியானை வண்டியை எடுத்தார். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே என் மகள். வழியெல்லாம் பூமாரி பிள்ளையின் மூக்கில் காதை வைத்துக்கொண்டே வந்தாள். "இருக்குதா?" என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "அடைச்ச ரூம்ல கரி வச்சது யாரு?" என்றார். "புகை வராது, வாடை வராது. ஆளு தூக்கத்துலயே போயிரும். இன்னொரு கால் மணி நேரம் ஆயிருந்தா ரெண்டு பொணம்."

பூமாரி மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்க கொண்டாந்த சனியன்தானய்யா!"

"நான் உள்ள வைக்கல அத்தை."

"பின்ன கங்குக்குக் கால் மொளச்சு நடந்து போச்சா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வெறும் பார்வைதான், கோபம்கூட இல்லை. நான் தரையைப் பார்த்தேன். தரையில் என் காலின் கரித்தடம் இருந்தது. டாக்டரம்மா போய்விட்டார். யாரும் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் கயல் பேசினாள். மூன்றாம் நாள் பிள்ளை பால் குடித்தது. அதுவரைக்கும் மாப்பிள்ளை வராந்தாவில் கிடந்தார். எனக்கும் டீ வாங்கித் தந்தார். அதைக் குடித்தேன்.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. அடுப்பை உள்ளே வைத்தது மாப்பிள்ளைதான் என்று பூமாரி சொன்னதை நம்பி, கயல் பழனிசெட்டிபட்டிக்குப் போக மாட்டேன் என்கிறாள். போன ஞாயிறு அவர் வாசலில் வந்து நின்றபோது, "எங்களக் கொல்லப் பாத்த மனுசன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போகச் சொல்லுப்பா" என்றாள். நான் வெளியே போய், "இன்னொரு நாள் வாங்க மாப்ள" என்றேன். சாரலில் நனைந்தபடி தலையாட்டிவிட்டுப் போனார்.

கங்கை உள்ளே வைத்தது நான்தான் என்று என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மாப்பிள்ளைக்கு நான் பட்ட கடன். இன்னும் தீர்க்கவில்லை.