நானா கொடுத்த வாய்

கானா நாட்டின் குமாசியில் கரண்டு போவது புதிதல்ல. ஆனால் டாக்டர் துவும்வா தன் முதல் பொதுச் சொற்பொழிவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போதா போய்த் தொலைய வேண்டும்? பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபம் நிரம்பி வழிந்தது. ஜன்னலோரம் சந்தைப் பெண்கள்கூட வந்து நின்றிருந்தார்கள். முன்வரிசையில் பலவண்ணக் கென்டே துணி போர்த்திய நானா, ஊரின் தலைவர். மைக் செத்துவிட்டது. துவும்வாவுக்கோ பிறவியிலேயே கீச்சுக்குரல்.

"அக்கா, உங்க பக்கத்துல இருக்கிற கொசுவுக்கே கேக்கல" என்றான் பின்வரிசை மாணவன். மண்டபமே சிரித்தது. ஓராண்டு உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

நானா விரலை அசைத்தார். அவரருகில் தங்கப்பூண் கோலோடு உட்கார்ந்திருந்த அசிபே எழுந்தார். நானாவிடம் யாரும் நேரே பேசுவதில்லை, சபையில் நானாவும் யாரிடமும் நேரே பேசுவதில்லை. இரு பக்கத்துச் சொல்லும் அசிபேயின் வாய் வழியாகத்தான் போகும். அந்த வாயை நானா இன்று அவளுக்குக் கொடுத்திருந்தார்.

"நீ மெதுவாச் சொல்லும்மா. ஊருக்கு நான் சொல்றேன்."

அவள் ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். அவர் அதை ஊர்மொழியான ட்வியில் முழங்கினார். ஓட்டுக்காகத் தேவாலயத்திலும் மசூதியிலும் மாறிமாறி மண்டியிடும் அரசியல்வாதிகளைப் பற்றிச் சொன்னபோது சந்தைப் பெண்கள் கைதட்டினார்கள். இது நான் எழுதியதுதானா என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது.

மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, நின்னுட்ட?"

"அடுத்தது உங்க பதவியைப் பத்திங்க ஐயா. நல்லா இருக்காது. விட்டுடறேன்."

"நல்லதை மட்டும் சொல்றதுக்கு இந்த வாய் எதுக்கு? சொல்லு."

சொன்னாள். அசிபே ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு நானாவின் பக்கம் திரும்பி, கோலை நிமிர்த்திப் பிடித்து, அதே வெண்கலக் குரலில், ஓர் அணுவும் குறைக்காமல் சொன்னார்: "மைக் வந்துவிட்ட காலத்தில் தலைவருக்கு இன்னொரு வாய் எதற்கு? அந்தக் கோல் இனி வெறும் மரம்."

தன்னையே மறுக்கும் சொல்லை இத்தனை அழகாகச் சுமக்க ஒரு மனிதரால் முடியுமா என்று அவள் மலைத்து நின்றாள்.

அசிபே குனிந்து காதைக் கொடுக்க, நானா ஏதோ சொன்னார். அசிபே நிமிர்ந்தார். "மிச்சத்தையும் கேக்கணும்னு நானா சொல்றார்."

அப்போது கரண்டு வந்தது. மின்விசிறிகள் சுழன்றன, மைக் கரகரத்தது. துவும்வா எட்டி அதன் விசையை அணைத்தாள். அசிபேயின் பக்கம் திரும்பி, நான்காம் பக்கத்தைத் தொடங்கினாள்.