நாலா ஓரத்து மணல் மூட்டைகள்

புருஷோத்தமனுக்கு வாய் ஜாஸ்தி. அதை அவரே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்வதையும் கத்தித்தான் செய்வார். ரயில்வே பட்டறையில் வெல்டர் வேலை, ஐம்பதைத் தொடப்போகிற வயது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் லோத்குண்டா யுனைடெட் கால்பந்து க்ளப்பின் ரசிகர்களுக்குத் தலைவர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரை மிஞ்சிக் கத்த ஆள் இல்லாததால் பதவி தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வாயால் வந்ததுதான் வினை. போன வருஷம் ஒரு பெனால்டியை ரெஃப்ரி கொடுக்கவில்லை என்று இந்த மனுஷன் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே ஓடிவிட்டார். ரெஃப்ரியின் மூக்குக்கு நேராக விரலை ஆட்டிவிட்டு வந்தார். லீக் சும்மா இருக்குமா? இனி மைதானத்தாலோ ரசிகர்களாலோ லோத்குண்டாவில் ஒரு ஆட்டம் நின்றால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் ஜெயித்தது எதிராளிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

க்ளப்பின் செயலாளர் ஷோபா டீச்சர் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் புருஷோத்தமனுக்குத் தூக்கம் வந்திருக்கும். அடுத்த ஞாயிறே, தவில்போல் ஒரு மேளத்தை வைத்துக்கொண்டு மேட்சுக்கு மேட்ச் அடித்து நொறுக்குகிற சிநேகிதன் பூபாலனையும் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு, மண்வெட்டியோடு வந்து நின்றார். அன்றிலிருந்து புல் வெட்டுவது, ரோலர் இழுப்பது, கோடு போடுவது எல்லாம் ரசிகர்கள் பாடு. ஐடி கம்பெனி வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்த அஸ்வினிகூட விடிந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு களை பிடுங்க வந்துவிடுவாள்.

மைதானம் ராணுவக் கன்டோன்மென்ட் நிலம். குழி தோண்டக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் கோல் போஸ்ட்டை மண்ணில் ஊன்ற வழியில்லை. இரும்புக் குழாயில் சட்டமாகச் செய்து தரைமேல் நிறுத்தி, வலைக்குப் பின்னால் தரையோடு கிடக்கிற குழாயின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். போஸ்ட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கனம்தான்.

சீசனின் கடைசி ஆட்டம் பாலாநகர் ஸ்டார்ஸோடு. ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம். இல்லையென்றால் கீழே. முதல் டிவிஷன் அணிக்குத்தான் மைதானம் என்பதால், இறங்கினால் மைதானமும் கைவிட்டுப் போய்விடும். ஒரு வருஷம் முழுக்க முதுகு ஒடிந்தது இன்னொருத்தன் வந்து விளையாடவா?

முந்தின ராத்திரி பிடித்தது பாருங்கள் மழை! காலையில் போய்ப் பார்த்தால், நாலா என்று ஊர் சொல்கிற சாக்கடைக் கால்வாய் கரை தட்டி மைதானத்துக்குள் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் நின்றால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் கதை முடிந்தது. புருஷோத்தமன் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலா பக்கத்து கோல் போஸ்ட்டின் பின்னால் மூட்டைகள் கண்ணில் பட்டன.

"எடுங்கடா அதை! கரையில போடுங்க!"

"ஏனுங்ணா, இதையெல்லாம் எடுத்துட்டா போஸ்ட் நிக்குமாங்ணா?" என்று அஸ்வினி கேட்டாள்.

"ஹவ், ஹவ், ஆமா, மேட்சுக்கு முன்னாடி திருப்பி வெச்சுக்கலாம். இப்ப தண்ணிய பாரும்மா."

மூட்டைகள் கரைக்குப் போயின, வழிவது நின்றது. அப்புறம் பக்கெட்டில் மொண்டார்கள், சாக்கை விரித்து ஒற்றிப் பிழிந்தார்கள், தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து சேற்றில் கொட்டினார்கள், அழிந்த கோட்டைப் புதிதாகப் போட்டார்கள். மதியம் ரெஃப்ரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த மழையில் இப்படி ஒரு மைதானமா என்று புருஷோத்தமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன வருஷம் இவர் விரலை ஆட்டியது அதே ரெஃப்ரியிடம்தான். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை ஞாபகம் யாருக்கு வரும்? அஸ்வினிக்கும் வரவில்லை.

முதல் பாதியில் அந்தப் பக்கம் நின்றது நம் கோல்கீப்பர், தானுண்டு வேலையுண்டு என்றிருக்கிற பிள்ளை. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறி பாலாநகர் கோல்கீப்பர் தமிழ்ச்செல்வன் வந்து நின்றான்.

தமிழ்ச்செல்வன் இந்தத் தெருப் பையன். லோத்குண்டாவுக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தான். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அந்த ஊர் அணிக்கே போய்விட்டான். பிழைப்புக்குப் போனவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ரசிகனிடம் நியாயம் பேச முடியுமா? கோலுக்குப் பின்னால், கயிற்றை ஒட்டி, புருஷோத்தமன் கூட்டம் அவனை வறுத்து எடுத்தது.

"டேய் துரோகி! எங்க சோத்தத் தின்னுட்டு அங்க போய் நிக்கிறியா?"

"செல்வா, கைக்கு வந்தே? ஏன்டா வந்தே? பாலாநகர்ல மிஷின் தொடைக்கப் போ!"

அவன் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் லோத்குண்டா ஒரு கோல் போட்டது. அடேயப்பா, பூபாலனின் மேளம் கிழியாதது ஆச்சரியம்! அடுத்த நிமிஷமே லோத்குண்டா அடித்த இன்னொரு பந்து மேல் குழாயைத் தாண்டிப் பறந்தது. தமிழ்ச்செல்வன் எம்பி மேல் குழாயைப் பிடித்துத் தொங்கி, காலை முன்னால் வீசி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுக் குதித்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம்.

பின் குழாய் தரையை விட்டு மேலே எழும்பியதைப் புருஷோத்தமன் பார்த்தார். எழும்பி, தொப்பென்று சேற்றில் அமர்ந்தது. அதன் மேல் ஒரு மூட்டைகூட இல்லை.

அந்தச் சட்டத்தை வெல்டிங் செய்தவரே அவர்தான். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். அது குப்புற விழுந்தால் கீழே இருக்கிறவன் தலை என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லலாம். ரெஃப்ரியைக் கூப்பிட்டுச் சொன்னால் அந்த நொடியே ஆட்டம் நிற்கும். நின்றால் தோல்வி, மைதானமும் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தானே, முடிந்துவிடும், இனி தொங்கமாட்டான் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். பயம் மட்டும் சமாதானமாகவில்லை.

"செல்வா! தொங்காதேடா! நக்கோ டா, வேணாம்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

இத்தனை நேரம் துரோகி என்று கத்திய அதே தொண்டை. அவன் எப்படி நம்புவான்? பூபாலன் இதுவும் கிண்டல்தான் என்று மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தான். "தொங்காதே! தொங்காதே!" என்று கூட்டம் முழுக்கத் தாளத்தோடு பாட ஆரம்பித்துவிட்டது. தமிழ்ச்செல்வன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். பந்து எங்கேயோ இருக்கும்போது, வேண்டுமென்றே எம்பிப் பிடித்து, முன்னைவிடப் பலமாக ஊஞ்சல் ஆடினான்.

பின் குழாய் முழங்கால் உயரம் எழும்பிவிட்டு விழுந்தது.

அஸ்வினியும் பார்த்துவிட்டாள். "அண்ணா, மூட்டை! ஐயோ, மூட்டைய வெக்கவே இல்லைங்ணா!" என்று அவரை உலுக்கினாள். எதிர்ப்பக்கம் நின்ற ஷோபா டீச்சரிடம் ஓடத் திரும்பினாள். புருஷோத்தமன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரும்மா. இன்னும் கொஞ்ச நேரந்தான். ரெஃப்ரி கடைசி விசில் அடிச்சுருவான்."

"விழுந்தா அவன் தலைங்ணா!"

"எனக்குத் தெரியாதா? இருன்னா இரு!"

அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பார்வையை அவர் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. கையை விட்டார்.

அதற்குள் லோத்குண்டாவுக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வளைந்து கோலை நோக்கி வந்தது. தமிழ்ச்செல்வன் அண்ணாந்து பின்வாங்கினான். பந்து மேலே போகப்போகிறது, இவன் எம்பப்போகிறான். புருஷோத்தமனுக்கு அப்புறம் யோசனை என்று எதுவும் ஓடவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, ஓடி, அந்தப் பின் குழாயின் மேல் சேற்றோடு சேறாகப் பொத்தென்று உட்கார்ந்தார்.

தமிழ்ச்செல்வன் தொங்கினான். குழாய் அவரைத் தூக்கியது. வலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மொத்த உடம்பையும் கீழே அழுத்தினார். இரும்பு முனகியது, ஒரு கணம் யோசித்தது, பிறகு தரைக்கு வந்தது.

விசில் ஒலித்தது. அவர் கேட்கக் காத்திருந்த விசில் அது இல்லை.

"மறுபடியும் இவனா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பூபாலன் மேளக் குச்சியைத் தூக்கி எறிந்தான். "டேய் புருசு! உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்காடா? ஜெயிச்சுட்டோம்டா! எழுந்து வெளிய வாடா!" என்று கத்தினான். அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

ரெஃப்ரி மூச்சு வாங்க ஓடி வந்தார். புருஷோத்தமன் எழவில்லை. "முதல்ல எல்லாரும் தள்ளிப் போங்க சார். செல்வா, நீயும் போடா. அப்பத்தான் நான் எந்திரிப்பேன்," என்றார். குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் விலகினார்கள். எழுந்தார். பின்னால் நின்று, கனமெல்லாம் முன்பக்கமே இருந்ததால், பின் குழாயை ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார்.

கோல் போஸ்ட் முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. தமிழ்ச்செல்வன் நின்ற இடத்தில் மேல் குழாய் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது.

விதி விதிதான். ஆட்டம் கைவிடப்பட்டது, வெற்றி பாலாநகருக்கு என்று ரெஃப்ரி தாழ்ந்த குரலில் சொன்னார். ஷோபா டீச்சர் தலையை மட்டும் அசைத்தார்.

அப்போதுதான் பூபாலனுக்கு விஷயம் உறைத்தது. "உயிரக் காப்பாத்திட்டான்டா! மைதானம் போனா போகுது, நம்ம புருசு ஒரு உயிரக் காப்பாத்திட்டான்டா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். கைதட்டல் கிளம்பியது. பாலாநகர்க்காரர்களும் தட்டினார்கள்.

தமிழ்ச்செல்வன் வெளிறிப்போய் வந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன் அண்ணா. சாரி அண்ணா," என்றான். பிறகு, விழுந்து கிடந்ததைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சந்தேகம் எதுவும் இல்லாமல் சும்மாதான் கேட்டான்: "இது தூக்குதுன்னு எப்போ பாத்தீங்க?"

கார்னர் அடிக்கும்போது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அஸ்வினி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"நீ முதல் தடவ தொங்கினப்பவே," என்றார் புருஷோத்தமன். அந்த மனுஷனுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. "மேட்ச் முடியட்டும், ஜெயிச்சுருவோம்னு இருந்தேன்."

கைதட்டல் அங்கங்கே நின்றது. பூபாலனின் கை அவர் தோளிலிருந்து இறங்கியது.

தமிழ்ச்செல்வன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அவன் ஓங்கி ஓர் அறை விடுவான் என்று அவர் முகத்தைக் கொடுத்தபடி நின்றார். அவன் தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு தன் ஆட்களிடம் நடந்து போய்விட்டான். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.