குதிகாலில் விழுந்த எடை

...இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது காலில் நிற்க வேண்டும், இதையெல்லாம் யோசித்தா செய்வார்கள் என்று ரன்வெய்க்குக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, நான்கு வயதிலிருந்து இந்தப் பனிமலையில் பலகை கட்டிச் சறுக்குகிறவள், நாற்பத்தாறில் எண்ணி எண்ணிக் காலை ஊன்றுகிறாள். வலது முட்டி ஆறிவிட்டது, மடக்கி நீட்டிப் பார்த்த டாக்டரே இனிமேல் பனியில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார், பிறகு ஏன் உடம்பு இடது பக்கமே சாய்கிறது... பதினான்கு மாதமாக இப்படித்தான், பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும். கீழே சரிவு முடிகிற இடத்தில் அவள் கணவன் யோஸ்டைன் நிற்கிறான். அவள் விழுந்த நாளிலிருந்து அவன் சறுக்குப் பலகையில் ஏறவேயில்லை.

"பிடியை நாந்தான் ரொம்ப இறுக்கிட்டேன், என் தப்பு" என்று ஆஸ்பத்திரியில் அழுதான். பலகையோடு பூட்ஸைப் பிடித்திருக்கும் அந்தப் பிடி, விழுந்தால் தானாக விட்டுவிட வேண்டும், அன்று விடவில்லை, முட்டி முறுக்கிக்கொண்டது. அவள் பதில் சொல்லவில்லை, அந்த வலியில் என்ன சொல்வது... வலி போன பிறகு? ஈஸ்டர் விருந்தில் அவள் அண்ணன் ஷெத்தில், "மாப்ளே, உப்பு டப்பாவை மட்டும் நீ மூடாத, அப்புறம் ஒருத்தராலயும் திறக்க முடியாது!" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள், யோஸ்டைனும் சிரித்தான், அவளும்.

சரிவு செங்குத்தாயிற்று, பனி இறுகிக் கண்ணாடிபோல் மின்னியது, முன்பாதத்தில் நில், கணுக்காலை மடக்கு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பூட்ஸில் அழுந்தட்டும்... ஆனால் இடுப்பு நாற்காலி தேடுவதுபோல் பின்னால் போயிற்று, எடை முழுதும் குதிகாலில், பூட்ஸுக்குள் விரல்கள் மேலே தூக்கிக்கொண்டன, பலகைகளின் முனை லேசாகி இஷ்டத்துக்கு ஓடியது. இது எனக்குத் தெரியுமே. அன்றும் இதேதான், விழுவதற்கு முன்னால், இதே குதிகால், இதே இடுப்பு. பிடி விடாதது அப்புறம், முதலில் பின்னால் உட்கார்ந்தது யார்? பயந்து உட்கார்ந்தது யார்? இப்போதுதான் தெரிகிறதா, அல்லது ஆம்புலன்ஸிலேயே தெரியுமா... அவள் பல்லைக் கடித்து முன்னால் சாய்ந்து மொத்த எடையையும் வலது காலில் போட்டாள். முட்டி தாங்கியது. பலகை பனியைக் கடித்துத் திரும்பியது.

"முட்டி எப்படி இருக்கு?" என்று, கீழே வந்து நின்றவளிடம் ஓடி வந்தான் யோஸ்டைன்.

"தாங்குது."

"நிஜமா?" குனிந்து அவள் பூட்ஸின் பனியைத் தட்டினான், பிடியின் பக்கம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"யோஸ்டைன்... அன்னிக்கு நான் பயந்துட்டேன்."

"பயம் யாருக்குத்தான் இல்ல, விடு."

அவனுக்குப் புரியவில்லை. உன் தப்பில்லை, விழுந்தது என்னால்தான் என்று இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வாய்வரை வந்துவிட்டது, கோபப்படட்டுமே, கத்தட்டுமே, அதைத் தாங்கிக்கொள்வாள். ஆனால் அவன் கோபப்பட மாட்டான். பதினான்கு மாதச் சுமை இறங்கி, அப்பாடா என்று அவன் முகம் தெளிந்துவிடும், பக்கத்திலேயே நின்று அதை அவள் பார்க்க வேண்டும்.