தவுடு என்பது குடும்பப் பெயரா?

1

உலகத்தில் இதுவரை கதை எழுதிய அத்தனை பேரும் கோழைகள். யோசித்துத்தான் சொல்கிறேன். தாங்கள் உண்டாக்கிய ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எழுதும்போதே கை நடுங்குகிறவர்கள். ஒரு பக்கத்தில் காய்ச்சலை வரவழைப்பார்கள். அடுத்த பக்கத்திலேயே வைத்தியரையும் வண்டி கட்டி அனுப்பிவைப்பார்கள். நான் அப்படியில்லை. என் பாத்திரத்தின் பெயரையும் ஊரையும் பட்டப்பகலில் சந்தையில் நின்று சொல்லுவேன். யார் காதில் விழுந்தாலும் விழட்டும். பயமே இல்லாத முதல் கதை சித்தூர் ஜில்லாவிலிருந்து புறப்படுகிறது. வழிவிடவும்.

இது பிறந்த இடம் ஒரு விண்ணப்பத் தாள். திருப்பதிக் கல்லூரி விடுதியில் என் எதிர் அறைக்காரன் கோவர்த்தனன். புத்தூர்ப் பக்கத்துப் பயிர்க்காரர் வீட்டுப் பையன். மேற்கு ஜெர்மனியில் இஞ்சினியரிங் படிக்க இடம் கிடைத்து, மாணவர் விசாவுக்கு மனுப் போட உட்கார்ந்தான். விடுதிச் சுவரில் வாரம் ஒரு கேலிப் பத்திரிகை ஒட்டுகிறவன் என்பதால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தப்பாக நினைத்து என்னைக் கூப்பிட்டான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "புத்தூர் மலைகளுக்குப் பின்னே கதிரவன் மெல்ல மெல்ல—"

(வேண்டாம். கதிரவனுக்கு விசா தேவையில்லை.)

இரண்டாம் முயற்சி: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், மெட்ராஸ்–ஆந்திர எல்லைப் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்த அந்த—"

(எரியவில்லை. புகைந்துகொண்டிருந்தது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று தினம் பேப்பர் பார்த்தோம், அவ்வளவுதான்.)

மூன்றாம் முயற்சி, நடந்தபடியே:

"பொறந்த மாகாணம்னு கேட்டிருக்கான். என்ன எழுதறது?" என்றேன்.

"பொறந்தப்போ மெட்ராஸ். பள்ளிக்கூடத்துல சேந்தப்பவும் மெட்ராஸ். காலேஜ்ல சேந்தப்போ ஆந்திரா. இப்போ ஆந்திரப் பிரதேசம்."

"எத்தனை வீடு மாறினே?"

"வீடா? கட்டிலக்கூட இழுத்துப் போடலடா."

"ஜெர்மன்காரனுக்கு இதெல்லாம் புரியுமா?"

"புரியும். அவன் நாட்டையும் ரெண்டா வெட்டி வெச்சிருக்காங்க. படிச்சிட்டு அழுவான் பாரு."

3

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருந்தபடி எழுதினோம்: தவுடு.

இதை விளக்க வேண்டும். அவனைப் பள்ளியில் சேர்த்த அன்று, தெலுங்கு வாத்தியார் அவன் தாயார் சந்திரம்மாவைக் கேட்டார்: "இண்ட்டி பேரு ஏமி?" தெலுங்கர்களுக்கு அது வம்சத்தின் பெயர், பாட்டன் முப்பாட்டன் வழியாக வந்து, சொந்தப் பெயருக்கு முன்னால் நிற்பது. தமிழ்க் காதுக்கு அது வீட்டுப் பேர். வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பதாக நினைத்து அந்த அம்மாள் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "தவுடு."

தவுடு இரண்டு பாஷையிலும் தவுடுதான்.* வாத்தியாருக்குச் சந்தேகம் வரவில்லை. எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அவன் தவுடு கோவர்த்தனன்.

(* எல்லைக் கமிட்டிக்காரர்கள் இதைக் கவனித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.)

4

மெட்ராஸ் ஜெர்மன் கான்சல் ஆபீசிலிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. தகப்பனார் அப்பாவு, தாயார் சந்திரம்மா, மகன் மட்டும் தவுடு. இவர் யாருடைய குடும்பம் என்பது விளங்கவில்லை. தகப்பனார் காலமாகிவிட்டபடியால், இவர் தம் சொந்த மகன்தான் என்று தாயார் மாஜிஸ்திரேட் முன்னிலையில் சத்தியம் செய்து அனுப்பினால் விசா உண்டு. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இந்த வருஷத்துச் சேர்க்கை கையைவிட்டுப் போகும்.

"இதென்ன பிரமாதம்? புத்தூருக்குப் போய் ஒரு கைநாட்டு" என்றேன்.

"அக்கா ஒத்துக்காது."

"உங்க அக்காவை யார் கேட்டா? அம்மாவைத்தானே கேட்கிறாங்க."

"எங்கம்மாவத்தாண்டா நான் அக்கான்னு கூப்பிடறது."

அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவன் பிறந்ததும், பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவுடு அளந்து, விலைக்குத் திரும்ப வாங்கினார்கள். பெற்ற பிள்ளையாக இருந்தால்தானே எமன் தேடி வருவான்? இது கொள்முதல் சரக்கு. வெங்கடம்மாதான் அவனுக்கு அம்மா. சந்திரம்மா அக்கா. 'என் பிள்ளை' என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வாரச் சுவர்ப் பத்திரிகையில் நான் எழுதினேன்: "எமதர்மராஜன் ஆபீசில் கணக்குச் சரிபார்க்க ஒரு குமாஸ்தாகூடவா இல்லை? ஒரு முறம் தவுட்டில் ஏமாறுகிறவரை நம்பி நாம் எப்படிச் சாவது?" எல்லோரும் சிரித்தார்கள். கோவர்த்தனனும்தான்.

5

புத்தூர்க் கோர்ட்டு வாசல் புங்கமரத்தடியில் மனு டைப் அடிப்பவர் துலுக்காணம். கோவர்த்தனனோடு நானும் போனேன். சந்திரம்மா வந்தார், துணைக்கு வெங்கடம்மாவும். துலுக்காணம் அடித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினார்: "மேற்படி கோவர்த்தனன் எனக்குப் பிறந்த சொந்த மகன்…"

"அப்டி எழுதாத" என்றார் சந்திரம்மா.

"வேற எப்டிம்மா எழுதறது?"

"தோ, இவ புள்ள அவன். நான் வாங்கினவ."

"வாங்கினியா? இன்னா வெலைக்கு?"

"ஒரு மொறம் தவுடு."

துலுக்காணம் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். "யம்மோவ், கோர்ட்டு வாசல்ல நின்னுக்கினு ஆள வாங்கின கதையெல்லாம் சொல்லாத. உள்ள தூக்கிப் போட்ருவாங்க."

"நான் வோணா எம் புள்ளன்னு ரேக வெக்கட்டா?" என்றாள் வெங்கடம்மா. "எனக்கு இன்னா, ஏழோட எட்டு."

"பொய்ச் சத்தியம் பண்ணா உன்னியும் சேத்துதான் போடுவாங்க."

சந்திரம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எந்த பாசையில கீது?"

"இங்கிலீசு."

"எமனுக்கு இங்கிலீசு தெரியுமா?"

நான் சிரித்தேன். துலுக்காணம் சிரிக்கவில்லை. "தெரியாதும்மா. வெள்ளக்காரன் போனதோட அவனும் மறந்துட்டான்."

சந்திரம்மா விடவில்லை. "படிச்சவங்களையுந்தான இட்டுக்கினு போறான்? தெரியாமியா?"

பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மின்ன மூணுத்துக்கும் நல்ல நல்ல பேரா வெச்சேன். கோயில்ல கேட்டுக் கேட்டு வெச்சேன். கண்டவங்ககிட்டல்லாம் எம் புள்ள, எம் புள்ளன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."

[இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கிண்டல் வரும். இடம் விட்டிருக்கிறேன்.]

6

முடிவுகள். வாசகர்களுக்குப் பொறுக்கி எடுக்க வசதியாக இருக்கட்டும்.

ஒன்று: வெங்கடம்மா ரேகை வைக்கிறாள். கோவர்த்தனன் அவள் பிள்ளையாகக் கப்பலேறுகிறான். பெற்றவள் கூட்டத்தில் யாரோபோல நின்று—

(இதில் அழுகை அதிகம்.)

இரண்டு: அவன் போகவில்லை. ரேணிகுண்டா ரயில்வேயில் வேலைக்குச் சேர்கிறான். ஐரோப்பா போகும் வண்டி எதுவும் அந்த ஜங்ஷன் வழியாகப் போவதில்லை என்பதால் மனம் அமைதியாக—

(இல்லை. இருக்காது.)

மூன்று: கோவர்த்தனன் அறிவியலைப் பற்றி ஆவேசமாகப் பேசித் தாயின் மனத்தை மாற்றுகிறான். இதை மும்முரமாக இரண்டு பக்கம் எழுதினேன். என் பாத்திரம் வாயைத் திறக்க மறுத்துவிட்டான். நிஜத்திலும் அவன் செய்தது இவ்வளவுதான்: மெஷினிலிருந்து தாளை உருவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "வாக்கா. பஸ்சு பூடும்" என்றான். குரலில் கோபமில்லை. அவருடைய பையை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தான்.

சந்திரம்மா அவன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன்கூட அவ்வளவு நிதானமாக நடக்கமாட்டான்.

"தவுடாவே வெச்சிக்கினு இன்னாடி பண்றது?" என்று வெங்கடம்மாவைக் கேட்டார். எழுந்தார். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் கத்தினார்:

"கோவர்த்தனா!"

அவன் திரும்பவில்லை. அந்தக் குரல் அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. வேறு யாரையோ என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தான்.

"டேய்… எம் புள்ள! உன்னத்தாண்டா!"

அப்புறம்தான் நின்றான். அவன் திரும்பி வந்தபோது அவனை யாரும் பார்க்கவில்லை. துலுக்காணம் மைப்பெட்டியைத் திறப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மரம்.

ரேகை வைத்த விரலைச் சந்திரம்மா துடைக்கவேயில்லை.

7

விசா வந்தது. பம்பாயில் கப்பலேறினான். ஏடனிலிருந்து ஒரு கார்டு போட்டான்: கடல் பரவாயில்லை, சாப்பாட்டில்தான் காரமில்லை, அக்காவிடம் சொல்லவும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கப்பல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருப்பான்; மாசி தாண்டியும் அங்கே பனியாம்; தபால் தாமதமாகும். விடுதியில் கேட்பவர்களுக்கெல்லாம் காரணங்களை நானே விநியோகம் செய்கிறேன்.

போன வாரம் இரண்டு பெண்களும் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்தார்கள். விடுதி வாசலில் வெங்கடம்மாதான் முன்னால் வந்து கேட்டாள்: "எம் புள்ள லெட்டர் போட்டானாப்பா?"

சந்திரம்மா நாலடி தள்ளி, யார் வீட்டு விஷயமோ என்பதுபோல, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் இல்லம்மா."

"போடுவான். எம் புள்ள சோம்பேறி" என்றாள் வெங்கடம்மா, ஊருக்கே கேட்கும்படி.

அவர்கள் போனபிறகு தபாலாபீசுக்குப் போனேன். காலையில் ஏற்கெனவே போயிருந்தேன்.

முடிவை வாசகர்களிடம் விடுவதுதான் இந்தமாதிரிக் கதைகளின் மரபு என்கிறார்கள். நான் மரபுக்காக விடவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், நல்லதாக இருந்தால் மட்டும், எழுதிக்கொள்ளலாம். இதோ, இடம்:

.  .  .  .  .  .  .  .  .  .

அச்சுக்குக் கொடுக்கும் முன் சில திருத்தங்கள். பையனின் பெயர் கோவர்த்தனன் இல்லை. ஊர் புத்தூரும் இல்லை. அவன் போனது ஜெர்மனியும் இல்லை. எதிர் அறை ரொம்ப நாளாகப் பூட்டித்தான் கிடக்கிறது. அவன் எனக்குச் சிநேகிதனும் இல்லை. யாராவது வந்து விசாரித்தால், எந்த பாஷையில் விசாரித்தாலும், எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்: அவன் யாரோ. யார் வீட்டுப் பிள்ளையோ.