மூன்றாம் குளத்தின் கோடு

ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு ஆற்றோரத்து மீன் பண்ணையில் மின்சாரம் நின்றது. வானம் விடிந்ததிலிருந்தே மூடிக் கிடந்தது.

வெயில் இல்லாத நாளில் குளத்து நீரில் ஆக்சிஜன் ஊறாது. ஏரேட்டர்கள் நீரை அடித்து அடித்துத்தான் காற்றைக் கலக்க வேண்டும். பண்ணையில் குளம் மூன்று, ஜெனரேட்டர் ஒன்று. அது ஒரு நேரத்தில் ஒரு குளத்தின் ஏரேட்டர்களைத்தான் இழுக்கும். எந்தக் குளத்துக்கு என்பதை, அலுவலக அறையில் பேட்டரியில் ஓடும் கணினியின் திரை சொல்லும். திரையில் ஓடும் அந்தப் பக்கத்தை எழுதியவன் மாப்பிள்ளை. பண்ணைக்காரரின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து அங்கே அவனுக்கு வேறு பெயர் இல்லை.

குளத்தைத் தேர்ந்தால், அதிலுள்ள சென்சார் அளந்த ஆக்சிஜன் ஒரு கோடாக வரும். மணிநேரத்தை இழுத்தால் நீளும், சுருங்கும். அடியில் மணி எதுவும் போட வேண்டாம், கடிகாரம் பார்க்கத் தனக்குத் தெரியும் என்று மச்சானான பண்ணைக்காரர் சொல்லிவிட்டதால், வலது ஓரத்தில் ‘இப்போது’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தான். போன வாரம் மச்சானுக்கு இன்னொரு குறை. ஒவ்வொரு தடவையும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்குள் தூண்டில் போட்டே மீன் பிடித்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை நிரலில் ஒரு வரியை இடம் மாற்றினான். அதன்பிறகு கோடு தொட்டதும் வந்தது.

இப்போது திரையில் ஒன்றாம் குளம் ஆபத்துக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. மூன்றாம் குளம் மேலே சுகமாக இருந்தது. மச்சான் ஜெனரேட்டரை ஒன்றுக்குப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து மாப்பிள்ளைக்கு மனைவியின் போன் வந்தது. மூன்றாம் குளத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம். அந்த வாரம் பிடிக்க வேண்டிய குளம் அது. பண்ணையின் ஒரு வருட உழைப்பு அதில்தான் நீந்திக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மூன்றைத் தேர்ந்தான். கோடு சட்டென்று வந்து நின்றது. ஆறு மணிநேரத்தை மூன்றாக்கினான், பணிவாகச் சுருங்கியது.

“நல்லாத்தான் இருக்கு. அஞ்சுக்கு மேல நிக்குது.”

“நான் கரையில நிக்கிறேன்,” என்றாள். “நீங்க நாற்காலியில உக்காந்திருக்கீங்க.”

மச்சான் போனை வாங்கினார். தீனி போடுகிற நேரம் தாண்டிவிட்டது, அதற்காக வந்திருக்கும் என்று தங்கையைச் சமாதானப்படுத்தினார். ஒன்றாம் குளத்தை விட்டுவிட்டு வந்தால் அது போய்விடும், இரண்டு பக்கமும் இடி என்றார். வைத்ததும் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் கேட்காமல் கேட்டது அவனுக்குப் புரிந்தது.

“கோடு சரிதான் மச்சான்,” என்றான்.

சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் திரையில் ஒன்றாம் குளத்துக்குப் போனான். ஏரேட்டர் ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணிநேரமாக ஓடுகிறது. கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நூல்கூட ஏறவில்லை.

நிரலைத் திறந்தான். சென்சார் அளவைப் படிக்கிற வரி, கோட்டை வரைகிற பகுதிக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது. போன வாரம் அவன் தூக்கி வைத்த இடம். அங்கே இருந்தால் சர்வர் கிளம்பும்போது ஒரே ஒருமுறைதான் படிக்கும். இன்று சர்வர் கிளம்பியது காலை ஆறு மணிக்கு. குளத்தை மாற்றினாலும் மணியை இழுத்தாலும் கோடு புதிதாக வரையப்பட்டது. வரையப்பட்டதெல்லாம் விடியற்காலைத் தண்ணீர். தொட்டால் அசைந்ததால் உயிரோடு இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள்.

வரியைக் கீழே இறக்கிவிட்டு, சரியான கோட்டைக் காட்டி, பிறகு சொல்லலாம் என்று விரல் கீபோர்டுக்குப் போனது. ஒரு வார்த்தையும் அடித்தான். அதற்குள் மறுபடி போன் அடித்தது.

“மச்சான், மூணுக்கு மாத்துங்க.”

“என்னடா இது? இப்பதானே சரின்னே?”

“இது காலைல எடுத்தது. நான் பண்ணின தப்பு. ஓடுங்க.”

மச்சான் அவனை ஒரு கணம் பார்த்தார். திட்டுவதற்கு வாய் திறந்தார். திட்டாமல் ஓடினார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி, சகதியில் முழங்கால் புதைய நின்று வயரைப் பிடித்தான். கரையோரம் வெள்ளை வயிறுகள் ஒதுங்க ஆரம்பித்திருந்தன. மனைவி கூடையோடு தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

“மெயின் சுவிட்சப் போடு மாப்ள,” என்றார் மச்சான். “அதையாவது பாத்துப் போடு.”

ஏரேட்டர்கள் சுழன்றன. அவன் ஒன்றாம் குளத்துக்கு ஓடி, ஆக்சிஜன் அளக்கும் கைமீட்டரை நீரில் விட்டு எண்ணைக் கத்தினான். இரண்டுக்கு ஓடினான். திரும்ப மூன்றுக்கு வந்தான். மின்சாரம் வரும்வரை மூன்று கரையையும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தான். அவன் கத்திய எண்ணைக் கேட்டு மச்சான் ஜெனரேட்டரை மாற்றி மாற்றிப் போட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. மூன்றாம் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு மீன் செத்திருந்தது. மற்ற இரண்டு குளங்களும் தப்பின. வியாழக்கிழமை வியாபாரியின் லாரி வந்து, பிழைத்ததை ஏற்றிக்கொண்டு போனது.