இரண்டாவது கால்கட்டு

என் கணவருக்கு முதல் கால்கட்டு நான்தான். கல்யாணத்தைச் சொல்கிறேன். பையன் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறான், ஒரு கால்கட்டு போட்டால் அடங்கிவிடுவான் என்று அவர் வீட்டார் என்னைப் பார்த்து முடித்தார்கள். அவர் ஒன்றும் அடங்கவில்லை. கல்யாணமான ஒன்பதாம் நாள் சரக்கு லாரியில் ஏறிப் போனவர்தான். இருபத்துநான்கு வருடமாக மாதத்தில் இருபத்திரண்டு நாள் சாலையிலேயே இருந்தார். இரண்டாவது கால்கட்டு, மாவுக்கட்டு. அது ஆஸ்பத்திரியில் போட்டது. அதில் அடங்கிப்போனது நான்.

எத்தனையோ மலைப்பாதைகளில் சின்னக் கீறல் இல்லாமல் வண்டியை இறக்கிய மனிதர், நிறுத்தி வைத்த லாரியின் கடைசிப் படியைக் கோட்டைவிட்டுக் கீழே விழுந்தார். இடது கணுக்கால் உடைந்தது. இடது கால் என்றால் கிளட்ச் மிதிக்கிற கால். கட்டுப் பிரித்துப் பத்து வாரம் கழித்துத் தங்கள் டாக்டரே பரிசோதிப்பார் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இடது காலில் மட்டும் நின்று பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். கிளட்சை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முடிந்தால் பழையபடி லாரி. முடியாவிட்டால் கம்பெனி வாசலில் கேட் வேலை. அதில் மூன்று மணிக்கு வேலை முடிந்துவிடும், மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார்.

தினமும் மூன்றரைக்கு வீட்டில் இருப்பார் என்று கேட்டதும் எனக்குப் பகீரென்றது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு நல்ல கெட்ட பழக்கமாவது இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்த இருபத்திரண்டு நாளும் வீடு என்னுடையது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஜன்னலோரம் என் தையல் மிஷின். பசித்தபோது சாப்பிடுவேன். கட்டிலில் குறுக்கே படுப்பேன். சாயந்திரம் நாலு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கி, தெருமுனையில் பஸ் ஏறுவேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிற பஸ். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டும் உட்காரும் ஒற்றை சீட் ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், தெருக்களைப் பார்த்துக்கொண்டு போய்விட்டு வருவேன். மகள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இதுதான் என் பழக்கம். யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் எங்கே போனாய் என்று கேட்பார்கள். எங்கேயும் போகவில்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

அவர் வந்து படுத்ததும் மிஷின் சமையலறைக்குப் போனது. ஜன்னலோரம் அவர் கட்டில் வந்தது. அளவு கொடுக்க வருகிற பெண்கள், ஒரு ஆம்பிளை நடுவீட்டில் காலைத் தலையணை மேல் போட்டுக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் அக்கா என்று போனவர்கள்தான். பால் பொங்கப் போகிறது என்பார். குழாய் சொட்டுகிறது என்பார். போனில் யார் என்பார். நூல்கண்டு வாங்கக் கீழே போய் வந்தால், பதினெட்டு நிமிடம் ஆச்சு என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். அவருக்கு வேறென்ன வேலை, ஜன்னலையும் கடிகாரத்தையும் என்னையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மூச்சு முட்டியது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றுகொண்டிருந்த நாட்கள் உண்டு. அப்போதும் தண்ணீர் வீணாகிறது என்று வெளியிலிருந்து குரல் வரும்.

அதனால் அந்தக் காலைச் சரிசெய்து ஆளை லாரியில் ஏற்றிவிடுவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்தபோது கால் மரக்கட்டையாக இருந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ரொம்பச் சின்னவள், சுறுசுறுப்பானவள். படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். தரையில் துண்டை விரித்து, குதிகாலை அசைக்காமல் விரல்களாலேயே அதைச் சுருட்டி இழுக்க வேண்டும். கோலிக்குண்டுகளை விரலால் கவ்விக் கிண்ணத்தில் போட வேண்டும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து உள்ளங்காலுக்கடியில் உருட்ட வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடுசதையை நீட்ட வேண்டும். பிறகு என் கையைப் பிடித்து மசாஜ் சொல்லிக் கொடுத்தாள். வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டுக்கொண்டு, குதிகாலில் தொடங்கி விரலடி வரைக்கும் கட்டைவிரலால் அழுத்தி இழுக்க வேண்டும், உள்வளைவில் சின்னச் சின்ன வட்டமாகப் போட வேண்டும், கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிடித்து மெதுவாக இழுத்துவிட வேண்டும்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னாள். "காலைத் தொங்கவிட்டு உக்காந்துக்கங்க. கட்டைவிரல பேனா மாதிரி நெனச்சுக்கிட்டு எழுத்தெல்லாம் காத்துல எழுதுங்க. காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ."

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். எங்களிடம் கோலிக்குண்டு இல்லை. என் பட்டன் டப்பாவைத் தரையில் கொட்டினேன். கோட்டுப் பட்டனை இரண்டு நாளில் எடுத்துவிட்டார். சட்டைப் பட்டனுக்கு ஒரு வாரம் ஆனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். குதிகால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் மறுபடி செய்யுங்கள் என்பேன். வலிக்கிறது என்றால் வலிக்கட்டும் என்பேன். இவ்வளவு கண்டிப்பாக நான் என் மகளைக்கூடப் படிக்க வைத்ததில்லை.

எழுத்துதான் பெரும்பாடு. அ, ஆவில் தொடங்கி ஔ வரைக்கும் போவதற்குள் வியர்த்துவிட்டது. பிறகு ஃ. அதற்கு மூன்று குத்து. பிறகு மெய்யெழுத்துகள். பிறகு க, கா, கி, கீ. 'ங' வரிசைக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். ஙௌ என்ற எழுத்தை வைத்து உலகத்தில் யாராவது ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். எழுதியிருக்கிறார்களோ இல்லையோ, நீங்கள் எழுதுங்கள் என்றேன். எழுதினார். ஞ-வுக்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்கு மறந்துவிட்டது. நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் கால் எழுதும். மூணு சுழி ண-வுக்கு இரண்டு சுழியோடு நிறுத்தினால் இன்னொரு சுழி எங்கே என்பேன். ழ-வையும் ள-வையும் ஒரே மாதிரிப் போட்டு ஏமாற்றப் பார்ப்பார். நான் விட மாட்டேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சாயந்திரம் நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடியும் அ-வில் தொடங்குவோம். கீழே தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்கும். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்.

அந்தக் காலை அதற்குமுன் நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இத்தனை ஊர் பார்த்த கால், ஆனால் நடந்து பார்த்த கால் இல்லை. உள்ளங்கால் குழந்தைக்கு இருப்பதுபோல் மிருதுவாக இருந்தது, பெருவிரலடியில் மட்டும் கிளட்ச் மிதித்து மிதித்துக் காய்த்துப்போயிருந்தது. அதைத் தொட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பாவமாக இருக்கிறது என்பதற்காக அந்த மனிதர் நாளெல்லாம் ஜன்னலோரம் கிடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் கணுக்காலின் முன்பக்கத்து நரம்பு வீங்கிக்கொண்டது. தரையில் ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தப் பெண் ஒவ்வொரு பயிற்சியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எழுத்து எழுதுகிறீர்களா என்றாள். ஒரு நாள்கூட விடவில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

"எத்தன எழுத்து எழுதுறீங்க?"

"இருநூத்தி நாப்பத்தேழு. ரெண்டு வேளையும்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் சொன்னது ஏ, பி, சி, டி. இருபத்தாறு எழுத்து, ஐந்து நிமிட வேலை. அவள் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டோம். ஒரு வாரம் ஓய்வு என்றாள். காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, நம் எழுத்தில் சுழி அதிகமோ என்னவோ, கணுக்கால் எல்லாப் பக்கமும் நன்றாகவே சுழல்கிறது என்றாள். இனிமேல் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

பன்னிரண்டு என்றால் ஒரு வரிசை. அப்படியானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எழுதுகிற நாளில் ஒரு வரிசை என்று அவரே கணக்குப் போட்டார். ஏ, பி, சி, டி போதுமே, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், நீ சொல்ல நான் எழுதுகிறதுதான் பழகிவிட்டது என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துவிட்டு, எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காத்திருப்பார். தேய்க்கும்போது பேசுவார். இருபத்துநான்கு வருடத்தில் பேசாததையெல்லாம் பேசினார். ஏதோ ஒரு சுங்கச்சாவடியில் விடிய விடியத் தனியாக நின்றது, காய்ச்சலோடு வண்டி ஓட்டியது, மகள் பிறந்த செய்தியை ஒரு பெட்ரோல் பங்கில் வைத்துக் கேட்டது. நான் ம் போட்டுக்கொண்டிருந்தேன். மனசுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்தபோது, அப்பா இவ்வளவு பேசுவாரா என்று ஆச்சரியப்பட்டாள். உங்கம்மா கையில் மந்திரம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னாராம்.

'ன' வரிசை முடிந்த மறுநாள் பரிசோதனை. கூடவே போனேன். டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ எண்ணுகிறார்கள், ஒன்று, இரண்டு. என் குதிகாலும் தானாகத் தரையிலிருந்து எழும்பி இறங்கியது. ஏழில் ஒரு இடைவெளி. எனக்கு உயிர் போய் வந்தது. எட்டு. ஒன்பது. பத்து. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் முதுகைத் தடவி, புருஷன்மேல் உயிரையே வைத்திருக்கிறாய் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது. கிளட்சும் தேறியது. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஆபீஸ் அறைக்குள் போனார். வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் மிஷினை ஜன்னலோரம் போட்டு, கட்டிலை உள்ளே தள்ளி, நாளை மறுநாள் பஸ்ஸிலும் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மணி நாலாகப் போகிறது என்று வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். இனிமேல் எதற்கு என்றேன். இன்று ஒரு நாள் என்றார். சரி, கடைசியாக ஒரு நாள் என்று உட்கார்ந்து காலை மடியில் வாங்கிக்கொண்டேன்.

கேட் வேலையை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். தேறிவிட்டீர்களே என்றேன். தேறிவிட்டேன், ஆனாலும் நானே கேட்டு வாங்கினேன், திங்கட்கிழமை முதல் போக வேண்டும் என்றார். அவர் முகத்தில் பரிசு வாங்கி வந்த பிள்ளையின் சிரிப்பு. என்னால் மென்று விழுங்க முடியவில்லை. முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"நீங்க போகணும்னுதாங்க இவ்வளவும் செஞ்சேன்."

"தெரியும்," என்றார். அவருக்குக் கண் கலங்கியது. "உனக்குக் கஷ்டமா இருந்தாலும் பரவால்ல, எனக்கு அந்த ரோடு வேணும்னு நெனச்சுதான் செஞ்ச. அது தெரிஞ்சதுனாலதான் நான் எங்கயும் போகல."

நான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் ஒன்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் எண்ணெய் காய்ச்சி, ஒரு எழுத்து விடாமல் சொல்லிக் கொடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

கீழே தெருமுனையில் பஸ் திரும்பியது. அவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நாலு மணி வண்டி. ஒரு நாள் தவறுறதில்ல. எங்க போகுதுன்னுதான் தெரியல."

"எங்கயும் போகாது," என்றேன். "ஒரு சுத்து சுத்திட்டு இங்கயேதான் வரும்."

"அப்படியா? இனிமே நேரம் கெடக்கே. ஒரு நாள் ரெண்டு பேரும் ஏறிப் பாக்கலாமா?"

அந்தச் சீட்டில் ஒருவர்தான் உட்கார முடியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் நாளை மறுபடியும் 'க'விலிருந்து தொடங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு குதிகாலில் ஆரம்பித்தேன்.